வில்லங்க அட்டவணையில் முரண்பட்ட பதிவுகளைக் கண்டறியும் முறை

நஞ்சையோ புஞ்சையோ நிலம் வாங்கும் குடியானவர்கள், கிரயத் தொகையைச் செலுத்துவதற்கு முன் ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கச் சர்டிபிகேட்டு ஒன்று பெற்றுப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். சர்டிபிகேட்டில் பல வரிகள் கண்டால் நிலம் தகராறுக்குட்பட்டது என்று அஞ்சி விலகுவோர் சிலர். வரி ஒன்றுமே இல்லையெனில் நிலம் மாசற்றது என்று கருதித் தைரியமாய்ப் பணத்தைக் கொடுத்துவிடுவோர் பலர். இவ்விரண்டும் பிசகான முடிவுகள். பத்து வரிகளுள்ள அட்டவணை யாதொரு குற்றமுமின்றி இருக்கலாம். இரண்டே வரிகளுள்ள அட்டவணையில், வாங்குபவரின் கைமுதல் முழுவதையும் விழுங்கக்கூடிய முரண் ஒன்று மறைந்திருக்கலாம். இப்பதிவுகள் இப்போது கம்ப்யூட்டரில் ஏறியிருக்கின்றன. ஆகையால், ஒரே அட்டவணையிலிருந்து ஒன்றோடொன்று பொருந்தாத வரிகளை எவ்விதம் கேட்டுப் பெறுவது என்பதை நிலமுடையோரும், அவர்கள் வீட்டுப் படித்த பிள்ளைகளும், கூட்டுறவு சங்கங்களின் காரியதரிசிகளும் அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

அட்டவணையின் அமைப்பு

1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, உயில்கள் நீங்கலாக, ஸ்தாவர சொத்தைப் பற்றிய பத்திரங்கள் முதற் புஸ்தகத்தில் பதியப்படுகின்றன. அப்புஸ்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்டது. மற்றொன்று, சொத்தின் விவரங்களைக் கொண்டது. ஒரு நிலத்தைக் குறித்து என்னென்ன நடந்திருக்கிறது என்று தேடுவதற்கு இரண்டாவது அட்டவணையே ஆதாரம். மேற்படி சட்டத்தின் 57-வது பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் இவற்றைப் பார்வையிடலாம்; தமக்கு அந்நிலத்தில் சம்பந்தம் உண்டென்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. இவ்வுரிமையைக் குடியானவர்களில் பெரும்பாலோர் அறியார்.

பதிவு இலாகாவின் தலைமை ஆபீஸ் சென்னை மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளுக்குத் தனித்தனியே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்கள் உண்டு. 2000-ம் வருஷத்தில் 'ஸ்டார்' என்ற பெயருடன் பதிவு வேலையில் கம்ப்யூட்டர் புகுந்தது. 2018-ல் அத்திட்டத்தின் இரண்டாவது உருவம் வந்தது. அநேக ஆபீஸ்களின் பழைய பதிவுகளை இப்போது வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்கக்கூடும். காகிதத்திலிருந்தாலும் கம்ப்யூட்டரிலிருந்தாலும் அட்டவணையின் பத்திகள் ஏறக்குறைய ஒன்றே: பத்திர நெம்பர், எழுதிய தேதி, பதிவான தேதி, பத்திரத்தின் தன்மை, கிராமம், சர்வே நெம்பர், விஸ்தீரணம், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்.

இவ்விதப் பத்திகளும் வரிகளுமாகவே விவரங்களை எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 1970-ல் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஈ. எப். காட் என்பவர் வெளியிட்டார். அவ்வட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கான பாஷையை அதே கம்பெனியின் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் 1974-ல் வகுத்தனர். எஸ்.க்யூ.எல். என வழங்கும் அந்த பாஷையே இன்றும் உலகமெங்கும் வழக்கிலிருக்கிறது. பாஷை எதுவாயினும், கேள்வியைச் சரியாய்க் கேட்கத் தெரிந்தாலன்றிச் சரியான விடை வராது.

முரண் என்பது யாது?

கம்ப்யூட்டர் பழகியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஒரே சர்வே நெம்பர் ஒரு தடவைக்கு மேல் வரும் வரிகளைக் காட்டு" என்பது. இதனால் வருவது திரும்ப வந்த பதிவுகளின் ஜாபிதாவேயன்றி முரண்பட்ட பதிவுகளின் ஜாபிதா அன்று. தகப்பன் வாங்கி மகன் விற்ற நிலமும், அடமானம் வைத்து மீட்ட நிலமும் அட்டவணையில் இரண்டு மூன்று தடவை வந்தே தீரும். அவற்றில் குற்றமில்லை.

முரண் இன்னதென்பதை 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே 48-வது பிரிவில் குறிப்பாய்க் காட்டியிருக்கிறது. ஒருவர் ஒரே சொத்தில் வெவ்வேறு காலங்களில் உண்டாக்கும் உரிமைகள் யாவும் ஒருங்கே முழுமையாய் நிலைத்திருக்க முடியாதாயின், பிந்தியது முந்தியதற்குக் கட்டுப்பட்டது என்பது அப்பிரிவின் கருத்து. ஆகவே, இரண்டு வரிகளும் ஒருங்கே உண்மையாயிருக்க முடியுமா என்பதே பார்க்க வேண்டியது. முடியுமாயின் அது தொடர்ச்சி, முடியாதாயின் முரண்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஏதோ ஒரு கிராமத்தில் 84/2 நெம்பருள்ள நிலம், விஸ்தீரணம் 1 ஏக்கர் 60 செண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆட்களுக்குப் பெயருக்குப் பதிலாக எழுத்துக்கள் இடப்பட்டிருக்கின்றன.

வரி 1. 1998. நெ. 84/2. கிரயம். 1 ஏக்கர் 60 செண்டு. அ என்பவர் ஆ என்பவருக்கு.
வரி 2. 2006. நெ. 84/2. அடமானம். 1 ஏக்கர் 60 செண்டு. ஆ என்பவர் ஒரு பாங்கிக்கு.
வரி 3. 2011. நெ. 84/2. கிரயம். 90 செண்டு. ஆ என்பவர் இ என்பவருக்கு.
வரி 4. 2013. நெ. 84/2. கிரயம். 80 செண்டு. ஆ என்பவர் ஈ என்பவருக்கு.
வரி 5. 2014. நெ. 84/2. கிரயம். 90 செண்டு. இ என்பவர் உ என்பவருக்கு.
வரி 6. 2016. நெ. 84-2. கிரயம். 1 ஏக்கர் 60 செண்டு. எ என்பவர் ஏ என்பவருக்கு.

திரும்ப வந்த நெம்பரைக் கேட்டால் முதல் ஐந்து வரிகளும் வரும். ஆறாவது வரி வராது. ஏனெனில் அதில் சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு இடப்பட்டிருக்கிறது, யந்திரத்துக்கு அது வேறு நெம்பர். வந்த ஐந்தில் எது கெட்டது, எது நல்லது என்பதும் தெரியாது. எல்லாவற்றிலும் மோசமான வரி மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

அட்டவணையைத் தன்னோடு ஒப்பிடுதல்

சரியான முறை, ஒரே அட்டவணையின் இரண்டு பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகப் பாவித்து, முதற் பிரதியின் ஒவ்வொரு வரியையும் இரண்டாம் பிரதியின் ஒவ்வொரு வரியோடும் ஒத்துப் பார்ப்பதாகும். யந்திரத்துக்கு உண்மையில் இரண்டு அட்டவணை வேண்டியதில்லை. ஒன்றையே இரண்டு பெயரால் அழைத்தால் போதும்.

இதில் கவனிக்கவேண்டிய சிறு நுணுக்கம் ஒன்று உண்டு. யாதொரு நிபந்தனையுமின்றி ஒத்துப் பார்த்தால், ஆறு வரிகளுக்கு முப்பத்தாறு ஜோடிகள் வரும். அவற்றில் ஆறு, ஒரு வரி தன்னையே பார்ப்பது. மீதி முப்பதில் ஒவ்வொரு ஜோடியும் இரு தடவை வந்திருக்கும். முதற் பிரதியின் வரி எண் இரண்டாம் பிரதியின் வரி எண்ணைவிடச் சிறியதாயிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிட்டால் பதினைந்தே ஜோடிகள் மிஞ்சும். சிறிய அட்டவணையில் இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயிரம் வரிகளுக்கு 4,99,500 ஜோடிகளும், பதினாயிரம் வரிகளுக்கு 4,99,95,000 ஜோடிகளும் உண்டாகும் என்பதைக் கவனித்தால் அதன் பிரயோஜனம் விளங்கும். முதலில் சர்வே நெம்பர் ஒன்றாயிருக்கும் வரிகளை மட்டும் ஜோடி சேர்க்கும்படி கேட்பதும் இதே காரணம் பற்றியே.

இனி இரண்டு கேள்விகள். முதலாவது: "நெம்பர் ஒன்றாயிருந்து, எழுதிக் கொடுத்தவரும் ஒருவராகவே இருக்கும் ஜோடிகளைக் காட்டு." உதாரண அட்டவணையில் (2,3), (2,4), (3,4) ஆகிய மூன்று ஜோடிகள் வரும். ஆ என்பவர் பாங்கிக்கு அடமானம் வைத்த நிலத்தை, மீட்ட ரசீது பதிவாகாமலே இருவருக்கு விற்றிருக்கிறார் என்பது முதல் இரண்டு ஜோடிகளால் தெரிகிறது. கடன் தீர்ந்திருக்கலாம், ஆனால் ரசீது வரி அட்டவணையில் இல்லாதவரை அது வாங்குபவரின் தலையில்தான் இருக்கிறது. மூன்றாவது ஜோடியை விஸ்தீரணத்தைக் கொண்டு தீர்க்க வேண்டும். அது பின்னர் சொல்லப்படும்.

இரண்டாவது கேள்வி: "எழுதிக் கொடுத்தவர், அதே நெம்பரில் அதற்கு முந்திய எந்த வரியிலும் வாங்கியவராக இல்லாத வரிகளைக் காட்டு." இதற்கு வரி 1-ம் வரி 6-ம் விடையாக வரும். முதல் வரி வருவது இயல்பே. எந்த அட்டவணைக்கும் ஓர் ஆரம்பம் உண்டு. அதற்கு முந்திய வருஷங்களுக்கும் தேடினால் அ என்பவர் எவ்விதம் உடைமையாளரானார் என்பது தெரியும். வரி 6 அப்படிப்பட்டதன்று. முன் ஒருபோதும் வாங்காத ஒருவர், பிறர் வாங்கிய நிலம் முழுவதையும் விற்றிருக்கிறார். ஆள்மாறாட்டமாயிருக்கலாம், பழைய வாரிசு ஒருவராயுமிருக்கலாம். தகப்பன் காலமானபின் பிள்ளைகளுக்கு வரும் வாரிசுரிமைக்குப் பதிவுப் பத்திரம் தேவையில்லையாகையால், அத்தகைய உரிமை அட்டவணையில் வராது. யந்திரம் தருவது சந்தேகங்களின் ஜாபிதாவே, தீர்ப்பு அன்று. பதினைந்து ஜோடிகளை வெறுங்கண்ணால் பார்ப்பதற்குப் பதில் மூன்று ஜோடிகளையும் இரண்டு வரிகளையும் பார்த்தால் போதும் என்பதே லாபம்.

ஒரே நிலத்துக்குப் பல நெம்பர்கள்

மேற்கூறிய கேள்விகள் யாவும் நெம்பர் ஒன்றாயிருந்தால்தான் வேலை செய்யும். நம் நாட்டில் அது அபூர்வம். பெரும் மோசங்கள் பலவும், பல சமயங்களில் நாணயமான தவறுகளும், இங்கேதான் உண்டாகின்றன.

தியாகராயநகரை உதாரணமாகக் கொள்ளலாம். இன்று நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் நெருங்கிய அவ்விடத்தின் பெரும் பகுதி, நூறு வருஷங்களுக்கு முன் தண்ணீர். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நீண்ட ஏரி என்று பெயர் பெற்றிருந்தன. 1920-ம் வருஷத்தில் நகர நிர்மாணச் சட்டம் ஏற்பட்டபின், 1923-ஐ ஒட்டித் தொடங்கிய திட்டப்படி ஏரி வற்றடிக்கப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. அடையாற்றின் கரையிலும் அக்காலத்தில் வயல்களும் தோப்புகளுமே மிகுதி. ஊரூர், திருவான்மியூர் முதலியவை தனிக் கிராமங்கள். பக்கத்துச் சைதாப்பேட்டையில்தான் 1868-ல் சர்க்கார் விவசாயப் பள்ளிக்கூடம் நிறுவப்பட்டு, 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது.

இவ்விதம் கிராமம் நகரமானபோது ஒவ்வொரு நிலத்துக்கும் பெயர்கள் பெருகின. பழைய பத்திரத்தில் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகா, மாம்பலம் கிராமம், இன்ன சர்வே நெம்பர் என்றிருக்கும். பிறகு வந்த பத்திரத்தில் திட்டத்தின் மனை நெம்பர் இருக்கும். அதற்கும் பிந்தியதில் சென்னை ஜில்லா, டவுன் சர்வே நெம்பர், பிளாக் நெம்பர் என்றிருக்கும். கதவு நெம்பரிலும் பழையது, புதியது என இரண்டு. ஒருவர் பழைய சர்வே நெம்பரைக் காட்டி ஒருவருக்கும், டவுன் சர்வே நெம்பரைக் காட்டி மற்றொருவருக்கும் விற்றால், அட்டவணையில் இரண்டு வரிகளும் எவ்வித உறவுமின்றி நிற்கும். ஒவ்வொருவரும் தத்தம் நெம்பருக்குச் சர்டிபிகேட்டு வாங்கினால் இருவருக்கும் வில்லங்கமில்லை என்றே வரும். இருவரும் பொய்யான சர்டிபிகேட்டு வாங்கவில்லை; கேட்ட கேள்விக்கு அட்டவணை உண்மையான விடையையே தந்தது.

கிராமங்களில் இத்தொல்லை இல்லையென்று எண்ணுவது தவறு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடெங்கும் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், யு.டி.ஆர். என்று ஜனங்கள் வழங்குவதில், அநேக நிலங்களின் உட்பிரிவுகள் மாறின. அதற்கு முந்திய பத்திரங்களில் பழைய நெம்பரே காணும். பழைய நெம்பர் இன்னது, புதியது இன்னது என்று தலைமுறையாய் மனப்பாடம் வைத்திருந்த கர்ணம் உத்தியோகமும் 1980 நவம்பரில் ஒழிந்தது. கர்ணங்களைப் பற்றிக் குடியானவர்களுக்குப் புகார் பல இருந்ததுண்டு. ஆயினும் நெம்பர் விஷயத்தில் அவர்களுடைய ஞாபகத்துக்குப் பதிலாக எதையும் வைத்துக்கொள்ளாதது ஒரு நஷ்டமே.

பரிகாரம் சுலபமானது. அட்டவணையில் 'பொது எண்' என்று ஒரு பத்தியைப் புதிதாய்ச் சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் அந்த நிலத்தின் தற்கால நெம்பரை ஒரே மாதிரியாய் எழுதி, ஒப்பிடுவதெல்லாம் அப்பத்தியைக் கொண்டே செய்ய வேண்டும். பத்திரத்தில் கண்ட நெம்பரை அழிக்கலாகாது. அது தன் பத்தியிலேயே இருக்கட்டும். பழையதற்குப் புதியது எது என்பதைக் கிராமத்தில் 'அ' பதிவேட்டின் பழைய நெம்பர் பத்தியிலிருந்தும், நகரத்தில் டவுன் சர்வே நிலப் பதிவேட்டிலிருந்தும் அறியலாம்.

பொது எண் எழுதும் விதத்தைக் குறித்துச் சில எச்சரிக்கைகள்: 84/2ஏ1, 84-2-ஏ-1, 84/2 ஏ1 என்று பலர் பலவிதமாய் எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் அங்கத்துக்குப் பின்னும் சாய்கோடு இட்டு 84/2/ஏ/1/ என்று ஒரே விதமாய் மாற்றிவிடுவது உத்தமம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. முழு நெம்பரான 84-ஐ ஒருவர் விற்று, அதன் உட்பிரிவான 84/2-ஐ மற்றொருவர் விற்றிருந்தால் அதுவும் முரணே. ஆனால் இரண்டும் சம எண்களல்ல. ஓர் எண் மற்றதன் ஆரம்பமாய் அமைந்திருக்கிறதா என்று கேட்டால் இதைப் பிடிக்கலாம். கடைசிச் சாய்கோடு இல்லாவிடில் 84 என்பது 841-க்கும் ஆரம்பமாகிவிடும். 84/ என்பது 841/ என்பதற்கு ஆரம்பமாகாது. ஒரே பத்திரத்தில் நாலைந்து நெம்பர்கள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனி வரியாக்க வேண்டும்.

வெற்றுக் கட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பதிவுகளில் உட்பிரிவோ தேதியோ எழுதாமல் விட்டிருப்பதுண்டு. மனிதர் பார்வைக்கு ஒரு வெற்றிடமும் மற்றொரு வெற்றிடமும் ஒன்றே. எஸ்.க்யூ.எல். பாஷையில் வெற்றிடம் என்றால் 'தெரியாதது'. தெரியாத ஒன்று, தெரியாத மற்றொன்றுக்குச் சமமா என்று கேட்டால் யந்திரம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்த வரியை விடையில் சேர்க்காமல் மௌனமாய் விட்டுவிடும். ஆகையால் வெற்றுக் கட்டமுள்ள வரிகளை முதலிலேயே தனியாய் எடுத்துப் பத்திர நகலைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

விஸ்தீரணக் கணக்கு

முன் உதாரணத்தில் (3,4) ஜோடி மிஞ்சியிருக்கிறது. ஒருவர் தம் நிலத்தை இரண்டு துண்டாய் இருவருக்கு விற்பது முரணன்று. விற்றது இருந்ததற்கு மேற்பட்டால் முரண். 90-ம் 80-ம் கூட்ட 170 செண்டு. இருந்ததோ 160. பத்துச் செண்டு அதிகம் விற்கப்பட்டிருக்கிறது. முந்தி வாங்கியவர் 90 செண்டையும் அடைவார். பிந்தி வாங்கியவருக்கு நிற்பது 70 செண்டே. வேலிக்கல் நடும் தினத்தில்தான் இது வெளியாகி, அண்டை வயல்காரர்கள் இருவரும், இருவருமே குற்றமற்றவர்களாயிருந்தும், வருஷக்கணக்காய்க் கோர்ட்டுக்கு நடப்பதைக் காண்கிறோம்.

கூட்டும்போது ஐந்தாவது வரியின் 90 செண்டைச் சேர்க்கக்கூடாது. அது மூன்றாவது வரியில் விற்ற துண்டே மறுபடி கைமாறியது. ஆகவே நெம்பர்வாரியாக மாத்திரமின்றி, எழுதிக் கொடுத்தவர்வாரியாகவும் பிரித்துக் கிரயங்களை மட்டும் கூட்டி, அவர் வாங்கிய விஸ்தீரணத்தை அது மீறுகிறதா என்று கேட்க வேண்டும்.

அளவுகளும் ஒரே மாதிரியாயிருத்தல் வேண்டும். பழைய பத்திரங்களில் ஏக்கர், செண்டு. இப்போதைய பட்டாவில் ஹெக்டேர், ஏர். சென்னையில் கிரவுண்டும் சதுர அடியும். செங்கற்பட்டுப் பக்கத்துப் பழைய ரிகார்டுகளில் காணி. தஞ்சாவூரில் வேலியும் மாவும். ஒரு செண்டு 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி. ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். எல்லாவற்றையும் சதுர அடியாக்கிக்கொண்டு கூட்டினால் பிசகு வராது. மாற்றும்போது பின்னங்களால் சிறிது வித்தியாசம் ஏற்படுமாகையால், ஒன்றிரண்டு சதுர அடி மீறியதை முரண் என்று கொள்ள வேண்டியதில்லை.

குத்தகைக் காலங்கள் மேற்படுதல்

கிரயம் ஒரு தினத்தில் முடிகிறது. குத்தகை காலத்தில் நீடிக்கிறது. ஒரே நிலத்தை ஒருவர் பசலி 1430 முதல் 1434 வரையிலும், மற்றொருவர் பசலி 1433 முதல் 1435 வரையிலும் குத்தகைக்கு எடுத்திருந்தால், இரண்டும் 1433, 1434 ஆகிய இரு பசலிகளில் மோதுகின்றன. ஆரம்பப் பசலியோ முடிவுப் பசலியோ சமமாயிருக்கிறதா என்று கேட்பவருக்கு இந்த மோதல் அகப்படாது.

இதற்கு நாலைந்து விதமான நிலைமைகளைத் தனித்தனியே எழுதிப் பார்ப்போர் உண்டு: ஒன்று மற்றதன் உள்ளே அடங்குவது, தலைப்பக்கம் மேற்படுவது, கடைப்பக்கம் மேற்படுவது என்று. அது வீண் சிரமம். இரண்டு காலங்கள் மோதாமலிருக்க இரண்டே வழிகள்: முதலாவது தொடங்குமுன் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டாவது தொடங்குமுன் முதலாவது முடிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் மோதலே. அதாவது, முதலாவதன் ஆரம்பம் இரண்டாவதன் முடிவுக்குப் பிந்தாமலும், இரண்டாவதன் ஆரம்பம் முதலாவதன் முடிவுக்குப் பிந்தாமலும் இருக்கும் ஜோடிகளைக் கேட்டால் எல்லா விதமும் அதில் அடங்கும். பசலி 1434-ல் முடிந்த குத்தகையும் 1435-ல் தொடங்கியதும் இதில் வரமாட்டா. பசலி 1434, 2025 ஜூன் 30-ல் முடிந்தது; மறுநாள் 1435 தொடங்கிற்று. ஆனால் முடிவுத் தேதியையும் ஆரம்பத் தேதியையும் ஜூலை 1 என்றே சில பத்திரங்களில் எழுதிவிடுவார்கள்; அத்தகையவை ஒரு நாள் மோதலாக விடையில் வரும். அவற்றைக் கண்டு கலங்க வேண்டாம்.

எந்தத் தேதி?

அட்டவணையில் இரண்டு தேதிகள் இருப்பதை முன்பே கூறினோம். முந்தியது எது என்று தீர்க்கும்போது பலரும் பதிவான தேதியைப் பார்க்கிறார்கள். சட்டம் அவ்விதம் பார்ப்பதில்லை. பதிவுச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, பதிவான பத்திரம், பதிவே தேவையில்லாதிருந்தால் எந்தக் காலத்திலிருந்து அமுலுக்கு வந்திருக்குமோ அக்காலத்திலிருந்தே அமுலாகும். சாதாரணமாய் அது எழுதிக் கையெழுத்திட்ட தினம். 23-வது பிரிவின்படி கையெழுத்தான நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம். தவிர்க்கமுடியாத காரணமிருந்தால் அபராதம் செலுத்தி இன்னும் நான்கு மாதங்கள் வரை கொடுக்க 25-வது பிரிவு இடந்தருகிறது.

இதன் பலனைப் பாருங்கள். பிப்ரவரி 3-ந் தேதி ஒருவருக்கு எழுதிய கிரயம் மே 20-ந் தேதி பதிவாகிறது. அதே நிலத்தை அதே சொந்தக்காரர் மார்ச்சு 10-ந் தேதி மற்றொருவருக்கு எழுதி, மறுநாளே பதிவு செய்கிறார். இரண்டாமவர் மார்ச்சு 9-ந் தேதி சர்டிபிகேட்டு வாங்கியிருந்தால் அதில் ஒன்றும் இராது. அவர் பத்திரமே முதலில் பதிவானதும்கூட. ஆயினும் பிப்ரவரிப் பத்திரமே முந்தியது. மார்ச்சில் பணம் கொடுத்தவர் தம் சேமிப்பை இழந்து, விற்றவரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகையால் ஜோடிகளை வரிசைப்படுத்தும்போது எழுதிய தேதியையே கொள்ள வேண்டும். எழுதிய தேதி முந்தியதாகவும் பதிவான தேதி பிந்தியதாகவும் இருக்கும் ஜோடிகளைத் தனியே கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அவை மிகச் சிலவே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பத்திர நகலெடுத்துப் படிக்கத் தக்கவை.

அட்டவணைக்கு வெளியே நிற்பவை

எவ்வளவு சாமர்த்தியமாய்க் கேட்டாலும், அட்டவணையில் ஏறாததை அட்டவணை சொல்லாது. பதிவு செய்யாத உயில், ஒரு வருஷத்துக்கு மேற்படாத குத்தகை, முகம்மதியச் சட்டப்படி வாய்மொழியாய்ச் செய்த தானம் ஆகியவை இத்தகையவை. சென்னை போன்ற நகரங்களில் அசல் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஈடு, அது குறித்து எழுத்துமூலமான பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் செல்லத்தக்கது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் நகலை நம்பி வாங்குவது ஆபத்து என்று பெரியவர்கள் சொல்லி வந்தது இதனால்தான்.

வெளியூரில் பதிவான பத்திரங்களின் விஷயம் குறிப்பிடத்தக்கது. பதிவுச் சட்டத்தின் 30-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய ராஜதானி நகரங்களின் ரிஜிஸ்திரார்கள், நிலம் எங்கிருந்தாலும் அதன் பத்திரத்தைப் பதியலாம் என்று இடங்கொடுத்திருந்தது. பதிந்தவர் நிலமுள்ள ஜில்லாவின் ரிஜிஸ்திராருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. நகல் வந்து சேர்ந்து அட்டவணையில் ஏறும்வரை, உள்ளூரில் தேடுபவருக்கு அப்பத்திரம் இருப்பதே தெரியாது. இவ்வுட்பிரிவு 2001-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்கு முந்திய கிரயங்களை ஆராய்வோர், விற்பவரின் குடும்பம் வெளிநகரங்களில் வசித்ததாயின், இதையும் நினைவில் வைத்து விசாரிக்க வேண்டும்.

முரண் கண்டபின் செய்ய வேண்டுவன

விடையில் ஒரு ஜோடி அகப்பட்டால், முதற் காரியமாய் இரண்டு பத்திரங்களுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, சொத்து விவரத்தில் நான்கெல்லைகளையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நெம்பர் ஒன்றாயிருந்து எல்லைகள் வேறாயிருந்தால், பெரும்பாலும் எழுதியவர் கைத்தவறு. சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பிழைதிருத்தப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ளலாம். நெம்பர் வேறாயிருந்து எல்லைகள் ஒன்றாயிருந்தால் விஷயம் கடினமானது. பட்டாவிலுள்ள பிசகுக்குத் தாசில்தாரிடம் மனுச்செய்யலாம். சர்வேயில் கண்ட எல்லையால் பாதிக்கப்பட்டவர், 1923-ம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, சர்வே முடிந்த அறிவிப்பு வெளியான மூன்று வருஷங்களுக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க வேண்டும். உரிமை யாருடையது என்ற கேள்வியைச் சப்-ரிஜிஸ்திராரும் தாசில்தாரும் தீர்க்க இயலாது. அது கோர்ட்டின் வேலை.

சர்டிபிகேட்டுக்கு மனுச்செய்யும்போது பழைய சர்வே நெம்பர், இப்போதைய நெம்பர், நகரமாயின் டவுன் சர்வே நெம்பரும் பிளாக்கும், மனை நெம்பர், கதவு நெம்பர் ஆகிய எல்லாவற்றையும் மனுவில் எழுத வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸைச் சேர்ந்திருந்தால் அங்கும் அக்காலத்துக்குத் தனி மனுப் போட வேண்டும். தேடும் காலம், நெம்பர் மாறிய வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கிரயம் முடிந்து எட்டு மாதங்கள் கழிந்தபின் மறுபடி ஒரு சர்டிபிகேட்டு வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது நலம்.